நாலாவது தரம் கூப்பிடுவதில்லை

நான் ரெண்டாவது கேஸ். காலையில் மார்பைச் சிரைக்க வந்தவர் அப்படித்தான் சொன்னார். முதல் கேஸ் எட்டு மணிக்கே உள்ளே போய்விட்டது, அது முடிந்து என்னைக் கூப்பிடப் பன்னிரண்டரை ஆகும், ஒரு மணியும் ஆகலாம். ஆக ஆஸ்பத்திரியிலும் கேஸ்தான், இங்கேயும் பேரைக் கூப்பிடும் வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். சிரிப்பு வந்தது, ஆனால் என் சிரிப்பு இப்போதெல்லாம் வாயின் இடது ஓரத்தோடு நின்றுவிடுகிறது, வலது பாதி அசைவதில்லை, பார்க்கிறவர்கள் அழுகிறேன் என்று நினைத்துத் துடைக்க வந்துவிடுகிறார்கள், அதனால் சிரிப்பதை விட்டுவிட்டேன். மின்விசிறிக் காற்று சிரைத்த மார்பில் பட்டு ஜில்லென்கிறது, உரித்த கோழி மாதிரி கிடக்கிறேன், ஐம்பத்தொன்பது வயதில் இது வேறு. எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்து. பதினொன்றுக்கு நோட்டரி வக்கீல் வருகிறார். அவர் முன்னால் நான் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கட்டைவிரலை ஒற்றிவிட்டால் போதும், அப்புறம் இவர்கள் நெஞ்செலும்பை அறுத்துக்கொள்ளட்டும், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். வாக்கியமும் பெரிய வாக்கியம் இல்லை. அன்றைக்கு நான் கூப்பிடவில்லை. இவ்வளவுதான். பச்சைப்பிள்ளை சொல்லிவிடும். என் வாயில் வரமாட்டேன் என்கிறது. பன்னிரண்டு நாளாக முட்டிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

நான் டவாலி மாசிலாமணி. எங்கள் ஊர்க் கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் நடந்து வழிவிடச் சொல்வது, கேஸ் கட்டுகளை எடுத்து நீட்டுவது, இதெல்லாம் யாரும் செய்வார்கள். என் வேலை கூப்பிடுவது. பெஞ்சு கிளார்க் ஜெபராஜ் பேரை வாசித்ததும் வராந்தாவுக்கு வந்து மூன்று தரம் கூப்பிட வேண்டும். முதல் தரம் டீ குடித்துக்கொண்டிருப்பவனுக்கு. இரண்டாவது தரம் வக்கீலிடம் அழுதுகொண்டிருப்பவனுக்கு. மூன்றாவது தரம் கடவுளுக்கு. நாலாவது தரம் கிடையாது, ஜட்ஜே சொன்னாலும் கூப்பிடமாட்டேன். ஒருமுறை மைக் கொண்டுவந்து மாட்டினார்கள், அடுத்து வந்த ஜட்ஜ் என் குரலைக் கேட்டுவிட்டு அதைக் கழற்றி வைக்கச் சொன்னார். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். கூப்பிட்டபோது வராதவன் எல்லோரும் பிற்பாடு வந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான். என் பேரைக் கூப்பிடவே இல்லை. புளியமரத்தடியில் குறட்டை விட்டவன் சொல்வான், பரோட்டாவுக்குப் போனவன் சொல்வான், பயந்துகொண்டு கக்கூசில் ஒளிந்தவனும் சொல்வான். ஜட்ஜ் என்னைப் பார்ப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு, மூணு தரம் கூப்பிட்டேன் என்பேன். அத்தோடு சரி, மறுபேச்சு இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேனோ. ஒரு தரம்கூட அது பொய் இல்லை. ஒரு தரத்தைத் தவிர.

பத்து இருபது. அந்தக் காலையை இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன். திங்கட்கிழமை, கூட்டம் வராந்தாவை மீறிப் படிக்கட்டு வரை நிற்கிறது. ஜெபராஜ் வாசிக்கிறான், முனீஸ்வரி, ஜீவனாம்ச மனு. போன வாய்தாவுக்கும் அவள் வரவில்லை, இதுதான் கடைசி வாய்தா என்று ஜட்ஜ் ஏற்கெனவே சொல்லியிருந்தார், அவள் வக்கீலம்மா அந்த நேரம் பக்கத்துக் கோர்ட்டில். நான் வெளியே வருகிறேன். பத்தடி தூரத்தில் சிமெண்டு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், பட்டாசுக் கம்பெனிக்காரி, விரலெல்லாம் அலுமினியத் தூள் ஏறிப்போய்ச் சாம்பலாக இருக்கும், எனக்கு ரெண்டு வருஷமாகத் தெரிந்த முகம். மடியில் மகள் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கிறது. நான் கூப்பிடுகிறேன். முனீஸ்வரி. கணீரென்று கேட்கிறது. அவள் என்னையே பார்க்கிறாள், எழவில்லை. முனீஸ்வரி. பார்க்கிறாள். பிள்ளையின் வாயைத் துடைக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, இவள் என்ன பெரிய ராணியா, டவாலி கூப்பிட்டால் எழுந்திருக்கத் தெரியாதா. முனீஸ்வரி. மூன்றாவது தரம். அப்போதும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அவளைத் தெரியும், ரெண்டு எட்டு வைத்துத் தோளைத் தட்டி, ஏம்மா உன்னைத்தான், என்றிருக்கலாம். வைக்கவில்லை. மூன்று தரம் ஆயிற்று, அவள் தலையெழுத்து என்று உள்ளே திரும்பி, வழக்கம்போல் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன். ஆள் இல்லை என்பதற்கு அதுதான் சைகை. ஜெபராஜ் எழுதினான், மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜரில்லை, மனு தள்ளுபடி. அடுத்த கட்டை எடுக்கக் குனிந்தேன். கட்டு கையிலிருந்து நழுவியது, வலது கை என் கை இல்லாமல் தொங்கியது, தரை மேலே வந்தது. மாசிலாமணி தண்ணியப் போட்டுட்டு வந்திருக்கான்டா, என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பன்னீர் சோடாவுக்கு மேல் எதையும் குடித்தறியாதவனை. எழுந்து அவனை அறைய வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஆம்புலன்ஸ்தான்.

பிரஷர் இல்லை, சுகர் இல்லை, பீடி இல்லை, குடி இல்லை, பிறகு எதற்கு இந்த ஆளுக்கு ஸ்ட்ரோக் என்று இந்தப் பெரியாஸ்பத்திரியில் ஆளாளுக்குக் கேட்டார்கள். நானா சொல்ல முடியும். ஒல்லியாக ஒரு டாக்டர் பெண், அதுதான் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, படுக்க வைத்துக் கேட்டு, இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்துக் கேட்டு, முகம் மாறிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தது. எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் இடது மேலறையில் ஒரு கட்டி. செண்பகம், என் மனைவி, தலையில் அடித்துக்கொண்டாள், புற்றுநோய் என்று நினைத்து. இல்லம்மா, சாதுவான கட்டிதான், மிக்ஸோமான்னு பேரு, நுங்கு மாதிரி வழவழன்னு இருக்கும், ஒரு காம்புல சுவத்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும், ஆடுறப்ப ஒரு துணுக்கு உடைஞ்சு ரத்தத்தோட மூளைக்குப் போயிருச்சு, அதான் பேச்சும் கையும் போச்சு, என்றார் பெரிய டாக்டர். பத்து லட்சத்தில் ஒருத்தருக்கு வருமாம். அப்படி ஒரு அதிர்ஷ்டம் லாட்டரியில் வந்திருக்கக் கூடாதா. மறுநாள் மாணவர்களைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினார், நல்லாக் கேளுங்க, துடிப்புக்கு அப்புறம் தொப்புன்னு ஒரு சத்தம், அதுதான் கட்டி வந்து விழுற சத்தம், இதை நீங்க வாழ்நாள்ல இன்னொரு தரம் கேக்காமக்கூடப் போகலாம். ஊரெல்லாம் என் குரலைக் கேட்டது போய் என் நெஞ்சைக் கேட்க இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு வருஷமாகக் குனிந்து செருப்பு மாட்டினால் கண் இருட்டும், சாயங்காலமானால் காய்ச்சல் கணகணக்கும், வாயு என்று பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். வாயுவாம். வாடகை கொடுக்காமல், கதவைத் தட்டாமல், எவனோ உள்ளே குடிவந்து ஊஞ்சல் கட்டி ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். ஆடு ராசா, ஆடு, பன்னிரண்டரை வரைக்கும் ஆடு, வீட்டைக் காலி செய்ய அமீனாக்கள் வருகிறார்கள், சட்டிபானையோடு உன்னைத் தெருவில் வைக்கிறேனா இல்லையா பார். ஆனால் பதினொன்றுக்கு முன்னால் இன்னொரு துணுக்கை மட்டும் உடைத்துவிடாதே. அது ஒன்றுதான் எனக்குப் பயம். சாவு பெரிதில்லை, வாக்கியத்தைச் சொல்லாமல் சாவதுதான் பெரிது.

ஆறாம் நாள்தான் எனக்கு விஷயம் விளங்கியது. தாகமாக இருந்தது. செண்பகம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள், மூன்றடி தூரம். செண்பகம் என்று கூப்பிட்டேன். கணீரென்று எனக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. செண்பகம். தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள், சுளையில் இருந்த நாரைப் பிய்த்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, செவிட்டு முண்டம் என்று மூன்றாவது தரம் கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த முகம். பார்த்துக்கொண்டே இருக்கிற, ஆனால் எதுவும் கேட்காத அந்த முகத்தை நான் எங்கே பார்த்தேன் என்று தெரிந்துவிட்டது. சிமெண்டு பெஞ்சில் பார்த்தேன். அன்றைக்குக் கட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் நோய் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே துணுக்கு போய்ச் சேர்ந்து என் குரலைப் பிடுங்கிவிட்டது. நான் கூப்பிட்ட மூன்று தரமும் என் மண்டைக்குள்ளேயே கூப்பிட்டிருக்கிறேன். வெளியே ஒரு ஈ எறும்புக்குக் கேட்கவில்லை. வராந்தாவில் அந்தச் சந்தைச் சத்தத்தில், டவாலி சும்மா நிற்கிறான் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் எழவில்லை என்று நான் அவள் மேல் கோபப்பட்டேன். என்ன ஒரு அநியாயம். அன்றைக்குத்தான் அழுதேன், ரெண்டு கண்ணிலும் அழுதேன், வலது கண்ணுக்கு அழுகை மட்டும் மறக்கவில்லை. செண்பகம் வலிக்கிறதோ என்று நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

எட்டாம் நாள் வாய் திறந்தது. கஞ்சி வேணுமாங்க என்று செண்பகம் கேட்டாள், நான், மூணு தரம் கூப்பிட்டேன், என்றேன். குழறாமல், தங்குதடை இல்லாமல், ஜட்ஜுக்குச் சொல்கிற மாதிரி. வார்டே கைதட்டியது. செண்பகம் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தாள். அப்புறம் தண்ணி வேணுமா என்றாள், மூணு தரம் கூப்பிட்டேன் என்றேன். கால் வலிக்கிறதா, மூணு தரம் கூப்பிட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொன்னது, இப்படிச் சிலருக்கு ஆகும் அம்மா, ரொம்ப நாள் சொல்லிப் பழகின ஒரு வார்த்தை மட்டும் தானா வரும், அதுவா சொல்றது, இவரு சொல்றதில்லை. கையாவது எழுதுமா என்று இடது கையில் பென்சிலைக் கொடுத்தார்கள், கோழி கிளறின மாதிரி வந்தது. ஆக என்னிடம் மிச்சம் இருக்கிற ஒரே வாக்கியம் அதுதான், நான் கெடுத்த கேஸைத் திரும்பத் திரும்பக் கெடுக்கிற வாக்கியம். இதற்குப் பேசாமல் ஊமையாகவே விட்டிருக்கலாம். எவன் செய்த வேலை இது, தெரிந்தால் அவன் பேரை மூன்று தரம் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பேன்.

பத்து நாற்பது. செண்பகம் என் உதட்டை ஈரத்துணியால் ஒற்றுகிறாள், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் தண்ணீர்கூடக் கிடையாது. அவள் என்னோடு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள், இந்தச் சாட்சியெல்லாம் வேண்டாம் என்கிறாள். ஒன்பதாம் நாள் முனீஸ்வரி இந்தக் கட்டிலுக்கு வந்து நின்றபோது செண்பகம் அவளைப் போ போ என்று விரட்டினாள். அவள் அசையவில்லை. தூள் ஏறின விரலால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அய்யா, எல்லாரும் நான் பொய் சொல்றேன்னு சிரிக்காக, ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிருதேன், எம் பேரைக் கூப்பிட்டீகளா? என்றாள். மூணு தரம் கூப்பிட்டேன் என்றது வாய். அவள் முகம் தொங்கிப்போயிற்று. நான் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைத் திருப்பினேன். தொண்டையைத் தொட்டுக் காட்டித் திரும்பவும் திருப்பினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வக்கீலம்மா சகாயமேரி வந்து, இப்படியா, அப்படியா என்று கேட்டுக் கேட்டு, நான் கையை ஆட்ட ஆட்ட ஒரு பக்கத்துக்கு எழுதிப் போனார். கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனு நாளைக்கு விசாரணைக்கு வருகிறது. நேற்று ஜெபராஜ் ஆப்பிளோடு வந்தான். அண்ணே, ரிட்டையர் ஆக பதினோரு மாசம் இருக்கு, மூணு முறை அழைத்தும்னு நாங்க எழுதினது ரிக்கார்டு, நீங்க கூப்பிடலைன்னா அது பொய்யா? மெமோ வரும், பென்சன் இழுக்கும், யாரோ ஒரு பொம்பளைக்காக எதுக்குண்ணே, என்றான். செண்பகம் தலையைத் தலையை ஆட்டினாள். நான் ஆப்பிளை எடுத்து அவன் பைக்குள் திரும்பப் போட்டேன். இடது கையால் அதைச் செய்ய ரெண்டு நிமிஷம் ஆயிற்று, அந்த ரெண்டு நிமிஷமும் அவன் நின்று பார்க்க வேண்டியிருந்தது, ரொம்பத் திருப்தியாக இருந்தது.

செண்பகத்துக்குப் பென்சன்கூடப் பெரிதில்லை, நான் பேசினால் கட்டி உடைந்துவிடும் என்று பயம். அதெல்லாம் இல்லம்மா என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. முப்பத்திநாலு வருஷம் இந்த மனுஷியோடு குடித்தனம். ஏங்க, என்னங்க, இந்தா பாருங்க, பக்கத்து வீட்டில் கேட்டால் எங்க வீட்டுக்காரர். என் பேரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. கோர்ட்டில் இந்த மாதிரிப் பெண்களைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்திருக்கிறேன். புருஷன் பேரென்ன என்று ஜட்ஜ் கேட்பார், கூண்டில் ஏறின அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு முருகன் படத்தைக் காட்டும், பிள்ளையைச் சொல்லச் சொல்லும், வெட்டி விட்டுப் போனவன் பேருக்கு இவ்வளவு மரியாதையா என்று வக்கீல்கள் உருளுவார்கள். முனீஸ்வரிதான் முதல் வாய்தாவிலேயே வேல்முருகன் என்று காறித் துப்புகிற மாதிரிச் சொன்னாள். இந்த ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தபோதும் செண்பகம் சீட்டு எழுதுகிறவரிடம் ரேஷன் கார்டை நீட்டி விரலால் தொட்டுத்தான் காட்டினாளாம். பேரைச் சொன்னால் ஆயுசு குறையுமாம். குறைய என்ன இருக்கிறது. பத்து ஐம்பத்தைந்து. கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை. உள்ளே எவ்வளவு சுத்தமாக வருகிறது. உதட்டுக்குக் கொண்டுபோனால் ஆள் மாறிவிடுகிறான். தொப். தொப். ஆடிக்கொண்டு இரு, கொஞ்ச நேரம்தான்.

பதினொன்று இருபதுக்கு நோட்டரி வந்தார். என்னை விட மூத்தவர், மூச்சு வாங்கியது. பின்னால் சகாயமேரி, அதற்குப் பின்னால் முனீஸ்வரி. பையிலிருந்து மை டப்பாவையும் முத்திரையையும் எடுத்துக் கட்டிலிலேயே வைத்தார். எழுதியதை மெதுவாக முழுக்க வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாசிலாமணி, உம்ம எனக்கு இருபது வருசமாத் தெரியும், ஆனா தெரிஞ்சவர்ங்கிறதுக்காக முத்திரை போட முடியாது, அன்னைக்கு இந்தப் பிள்ளை பேரைக் கூப்பிட்டீரா இல்லையா, நீரே சொல்லும், என்றார். நான் பல்லைக் கடித்தேன். கூப்பிடவில்லை என்பதை நெஞ்சிலிருந்து தூக்கித் தொண்டைக்குக் கொண்டுவந்தேன், நாக்கின் நுனியில் வைத்தேன். மூணு தரம் கூப்பிட்டேன், என்றேன். கணீரென்று. எதிர்க் கட்டிலில் தூங்கினவர் எழுந்துவிட்டார். முனீஸ்வரி சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் அவசர அவசரமாக உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன், தொண்டையைத் தொட்டேன், திரும்பத் திருப்பினேன், அதே நேரத்தில் பாழாய்ப்போன வாய் மூணு தரம் கூப்பிட்டேன், மூணு தரம் கூப்பிட்டேன் என்று தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நோட்டரி பேனாவை மூடினார். வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது, எதைம்மா நான் நம்ப? நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில ஏத்துவான். முன்னே ஒரு கல்லுடைக்கிற ஊமை எங்கள் கோர்ட்டில் கையாலேயே சாட்சி சொன்னான், நான்தான் அவனுக்குச் சத்தியம் வாங்கினேன், ஜட்ஜ் ஒத்துக்கொண்டார், தீர்ப்பே அதில்தான் ஆயிற்று. அது இந்த நோட்டரிக்குத் தெரியும், அவரும் அன்று கோர்ட்டில் இருந்தார். ஆனால் அந்த ஊமைக்கு வாய் எதிர்ச்சாட்சி சொல்லவில்லையே. என் வாயைப் பொத்திக்கொண்டேன், இடது கையால். பொத்தினால் சைகை காட்டக் கை இல்லை. இந்த நிலைமைக்கு வந்தாயே மாசிலாமணி என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் செண்பகம் ஸ்டூலை விட்டு எழுந்தாள். சார், அது அவரு வாயில்ல, என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். பத்து நாளா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன் சார், அது அவரு வாயில்ல. தண்ணி வேணுமாங்கேன், அதைத்தான் சொல்லுது. வலிக்கான்னு கேக்கேன், அதைத்தான் சொல்லுது. வேண்டாம்ங்கிறதுக்குக் கையத் திருப்புவாரு, நான் ஊட்டுறதை நிறுத்திருவேன், ஒருநாளும் கை தப்பாச் சொன்னதில்ல. வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க. நோட்டரி என் பக்கம் திரும்பினார். காலையில் சாப்பிட்டீரா? மூணு தரம் கூப்பிட்டேன், கை இல்லை என்றது. உமக்குப் பிள்ளைகள் உண்டா? மூணு தரம் கூப்பிட்டேன், கை இல்லை என்றது, அதில் செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் உமக்குக் கடன் பாக்கி தரணுமா? மூணு தரம் கூப்பிட்டேன், கை இல்லை என்றது. எதிர்க் கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்தார், நோட்டரிக்கும் மீசைக்குள் சிரிப்பு. உம்ம சம்சாரம் எங்கே? மூணு தரம் கூப்பிட்டேன். கை செண்பகத்தைக் காட்டியது. நோட்டரியின் சிரிப்பு நின்றது. பேனாவைத் திறந்தார். அன்னைக்குக் கூப்பிட்டீரா? வாய் என்னத்தையோ சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதைக் கண்டுகொள்ளவில்லை, யாருமே கண்டுகொள்ளவில்லை. உள்ளங்கையைத் திருப்பினேன். கேட்டதைப் புரிந்துகொண்டு சைகையால் உறுதி செய்தார் என்று அவர் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதினார். முனீஸ்வரிதான் என் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கித் தாளில் உருட்டினாள், ரேகை ஒரு கோடு அழியாமல் விழுந்தது. மெமோ கொடுக்கட்டும். பிழைத்து வந்தால் அந்த மெமோவுக்கும் கையாலேயே பதில் சொல்கிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ரெண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். மேலே விளக்கு, விளக்கு, ஒரு பல்லி, விளக்கு. செண்பகம் வலது பக்கம், முனீஸ்வரி இடது பக்கம், ரெண்டு பேரும் வண்டியோடு ஓடி வருகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு மெஷினை ஓட்டுவார்களாம், நிறுத்தினதை மறுபடி கிளப்ப மறந்துவிட்டால் என்ன செய்வது, கேட்கக்கூட வாயில்லை. தியேட்டர் வாசலில் பச்சை உடுப்பில் ஒரு சிஸ்டர், கையில் ஃபைல். பேரைச் சொல்லுங்க ஐயா, உள்ளே விடுறதுக்கு முன்னால நோயாளி வாயால பேரைக் கேட்டுக்கணும், அதுதான் ரூல். மூணு தரம் கூப்பிட்டேன் என்றேன். நான் ஒரு தரம்கூடக் கூப்பிடலியே ஐயா, என்றது அந்தப் பெண். பேச்சு வராதும்மா அவருக்கு என்றாள் செண்பகம். அப்ப சொந்தக்காரங்க சொல்லணும், நீங்க யாரு, சம்சாரமா, இவரு பேரைச் சொல்லுங்க. செண்பகம் ஃபைலைத் தொட்டுக் காட்டினாள். இல்லம்மா, காட்டக் கூடாது, சொல்லணும். நான் சொல்லட்டாக்கா என்றாள் முனீஸ்வரி. செண்பகம் கையை நீட்டி அவளைத் தடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சாத்துக்குடி உரித்தபோது பார்த்த பார்வை இல்லை. மாசிலாமணி, என்றாள். அது காற்றுதான், குரலே இல்லை. கேக்கலம்மா. மாசிலாமணி. சத்தமாச் சொல்லுங்க. மாசிலாமணி! என்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சரி, சரி, மாசிலாமணி, ஐம்பத்தொன்பது வயசு, கட்டி, என்று சிஸ்டர் எழுதிக்கொண்டாள். மூன்று தரம் ஆயிற்று. வண்டி உள்ளே போனது, குளிர் முகத்தில் அடித்தது, கதவு சாத்தப் போகிறது. அப்போது வெளியே இருந்து இன்னொரு தரம் என் பேர் கேட்டது. யாரும் சொல்லச் சொல்லவில்லை, எந்த ரூலிலும் இல்லை, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி செண்பகம் அவளாகக் கூப்பிட்டாள். நான், இருக்கேன் என்றேன். அது வெளியே கேட்டதா, எனக்குள்ளேயே நின்றுவிட்டதா என்று தெரியவில்லை, அதனால் மை காயாத கையை அவள் பார்க்கிற உயரத்துக்குத் தூக்கிக் காட்டினேன்.